பதவி கிட்டாத பிள்ளையும் பெற்றோர் கடமையும்



பள்ளியில் மாணவர் தலைவர் தேர்வு முடிந்தது. பதினோராம் வகுப்பில் பயிலும் மகள், அப்பொறுப்புத் தனக்கே வருமென எண்ணியிருந்தாள். அது தோழிக்குக் கிடைத்தது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் அவ்வீட்டில், அன்று அவளது தட்டு மட்டும் தொடப்படாமல் இருக்கிறது. அவ்வேளையில் பெற்றோர் கூறுவது என்ன? அதுவே அவளுக்கு அன்றைய பாடமாகும்.

1. வருத்தத்தை இகழலாகாது

விரும்பியது கைவிட்டுப் போனவிடத்து, அதனையே நினைந்து நினைந்து வருந்துதல் இஷ்டவியோகம் என்னும் ஆர்த்தத்தியானம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் இதனை விளக்குகிறது. இல்லறத்தார்க்கு மட்டுமன்றி, ஆறாம் குணஸ்தானத்து முனிவர்க்கும் இது நேரக்கூடும் என்கிறது அந்நூல். அவ்வாறாயின், இளம்பிள்ளையை நோக்கி, "இதற்கா அழுகிறாய்?" என்று கடிவது முறையோ? அருகிலமர்ந்து, அவள் சொல்வதை முழுவதும் கேட்பதே முதற்கடமை.

"எல்லாம் உன் கர்மம்" என்று தீர்ப்புக் கூறுதலும் வேண்டா. எக்கர்மம் எப்பொழுது உதயமாயிற்று என்று அறுதியிட நாம் கேவலஞானியர் அல்லோம். உதயத்திற்கு வந்த கர்மம் பயன் தந்து உதிர்வது. அது பிள்ளையின் ஆன்ம குணத்திற்கு இடப்பட்ட மதிப்பெண் அன்று.

2. நஞ்சு கலந்த ஆறுதல்

"அவள் ஆசிரியருக்கு வேண்டியவள், உன் அறிவு அவளுக்கு ஏது?" என்று அன்பினால் சொல்லிவிடுகிறோம். பிறரை இகழ்தலும் தன்னைப் புகழ்தலும் நீசகோத்திரத்திற்குக் காரணம் என்றும், பணிவும் பிறர் குணம் போற்றலும் உச்சகோத்திரத்திற்குக் காரணம் என்றும் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. பிறர் பேற்றுக்கு இடையூறு செய்வதே அந்தராய கர்மத்திற்கு வாயில் என்பதும் அங்கேயே உள்ளது. தேர்வில் உண்மையாகவே பிழை நேர்ந்திருப்பின், அதனை அமைதியாகக் கேட்டறிவது குற்றமன்று. ஆனால், தோழிக்குக் கிடைத்ததைப் பறிப்பதற்காகவே தலைமையாசிரியரிடம் முறையிடுவது, நம் பிள்ளைக்கே நாம் தேடித்தரும் தீவினையாகும்.

3. பிரமோத பாவனை

குணத்தில் மேம்பட்டோரைக் கண்டு மகிழ்தல் பிரமோதம். மைத்திரி, காருண்யம், மாத்தியஸ்தம் ஆகியவற்றோடு இதனையும் ஏழாம் அத்தியாயம் பாவனையாகப் பயிலச் சொல்கிறது. பாவனை ஒரே நாளில் கைகூடுவதன்று. ஆகவே, உடனே வாழ்த்துமாறு வற்புறுத்த வேண்டா. முதலில் பெற்றோர் அத்தோழியின் நற்குணம் ஒன்றை மனமார எடுத்துரைக்கட்டும். இரண்டொரு நாளில் பிள்ளையே சென்று வாழ்த்துவாள்.

பின்னர் ஒரு வினா: "தலைவியானால் என்ன செய்ய நினைத்திருந்தாய்?" கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர எண்ணினேன் என்பாளாயின், அதற்குப் பட்டம் எதற்கு? ஜினாலயத்தில் கூடும் சிறுவர்க்குப் பஞ்ச நமஸ்காரம் சொல்லிக்கொடுக்கவும் பதவி வேண்டுவதில்லை. செய்யவேண்டியது ஒன்றுமே நினைவுக்கு வரவில்லையெனின், விரும்பியது தொண்டையா, பெருமையையா என்று அவளே உணர்வாள்.

சிந்தனைக்கு

1. நம் வீட்டில் பிறர் வெற்றியைப் பற்றி எவ்வாறு பேசுகிறோம்?
2. பதவி கிட்டாத வருத்தம் பிள்ளையுடையதா, நம்முடையதா?
3. இவ்வாரம் பட்டமின்றிச் செய்யக்கூடிய நற்பணி யாது?

வாழ்க அறநெறி!