இருந்த ஆயில் எங்கே போனது?

வேலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாங்கியிருக்கும் பழைய மாருதி 800 காலையில் இரண்டாவது கியருக்கு முரண்டு பிடிக்கிறது, சூடேறியதும் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். மெக்கானிக் "கியர் ஆயில் கம்மிம்மா, ஊத்திடலாம்" என்றாராம். ஊற்றச் சொல்லலாமா என்று கேட்கிறாய். சொல்லலாம். அதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேள்: இருந்த ஆயில் எங்கே போனது?

இன்ஜினில் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையும். அதனால்தான் அதற்கு டிப்ஸ்டிக் வைத்து, அடிக்கடி பார் என்கிறார்கள். கியர் பாக்ஸில் எரிய எதுவும் இல்லை. அங்கே அளவு குறைந்திருக்கிறது என்றால், போன முறை ஊற்றியவர் குறைத்து ஊற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கோ கசிகிறது. உன் வண்டி முன்சக்கரத்தில் இழுப்பது. கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில் ஓடுகின்றன. அந்தக் கூட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஆக்சில் வெளியே வருகிறது. ஆக்சில் சுற்ற வேண்டும், ஆயில் மட்டும் வெளியே வரக்கூடாது. இதைப் பார்த்துக்கொள்வது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு ரப்பர் வளையம்தான். ஆயில் சீல்.

ரப்பருக்கு முன்னால் இந்தச் சீலைத் தோலில்தான் செய்தார்கள். ஆம்பூர்க்காரியான உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் 1849ல் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் கம்பெனி, நம் ஊர் டேனரிகளைப் போலத் தோல் பதனிட்டு விற்றது. 1929ல் உலகப் பொருளாதாரம் சரிந்து தோலுக்குக் கிராக்கி விழுந்தபோது, கையிலிருக்கும் தோலை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசித்து, இயந்திரங்களுக்குச் சீல் செய்ய இறங்கினார்கள். அங்கே வேலை பார்த்த வால்டர் ஸிம்மர் என்ற இன்ஜினியரின் பெயரில் 'ஸிம்மர்ரிங்' வந்தது: இரும்பு வளையத்துக்குள் தோல் உதடு, அதைத் தண்டின் மேல் அழுத்திப் பிடிக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங். 1930களிலேயே தோலின் இடத்துக்குச் செயற்கை ரப்பர் வந்துவிட்டது. கம்பெனி இன்றைக்கும் சீல் செய்துகொண்டிருக்கிறது. உன் வண்டியிலிருந்து கழற்றிய பழைய சீல் கிடைத்தால் கையில் வாங்கிப் பார். உதடு, ஸ்பிரிங், இரும்பு வளையம் எல்லாம் அதே அமைப்பில்தான் இருக்கும். உதடு கண்ணாடிபோல் விறைத்திருந்தால் உன் ஆயில் போன வழி அதுதான்.

இனி அளவு பார்ப்பது. பைபாஸ் ஓரத்து வாட்டர் சர்வீஸில் பள்ளம் இருக்குமே, அங்கே செய்யச் சொல். வண்டி நான்கு சக்கரத்திலும் சமமாக நிற்க வேண்டும் என்பதுதான் இதில் பாதி வேலை. வீட்டு வாசலில் முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அளவு பொய் சொல்லும். வெறும் ஜாக்கியை நம்பி யாரையும் வண்டிக்கு அடியில் படுக்க விடாதே, அவர் எத்தனை வருட அனுபவக்காரராக இருந்தாலும்.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் விடு. பல்லில் ஒட்டியிருப்பது வடிந்து கீழே இறங்கும். கூட்டின் பக்கவாட்டில் இருப்பது அளவு பார்க்கும் பிளக். அடியில் இருப்பது வடிக்கும் பிளக். முதலில் மேல் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கழற்றும்போது அத்தனையும் உள்ளே போகும். ஆயிலை மாற்றுவதாக இருந்தாலும் மேல் பிளக்கைத்தான் முதலில் திறக்கச் சொல். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க வராமல் மாட்டிக்கொண்டால் வண்டி பள்ளத்திலேயே நிற்கும்.

திறந்ததும் சுண்டு விரலை உள்ளே விட்டுக் கீழ்ப்பக்கமாக வளைத்துப் பார். ஓட்டையின் கீழ் விளிம்புக்குச் சமமாக ஆயில் தொட்டால் சரி. விரல் இறங்கியும் தொடவில்லையென்றால் குறைவு. திறந்த உடனே வழிந்தால் அதிகம், வழியவிடு. குறைவாக இருந்தால் கை பம்பில் குழாய் மாட்டி மெதுவாக ஏற்ற வேண்டும். கெட்டி ஆயில், உள்ளே பரவ நேரம் எடுக்கும். விளிம்பில் கசிந்து தானாக நின்றதும் மூடிவிடலாம்.

"கொஞ்சம் சேர்த்தே ஊத்திடுறேன்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதே. கியர் பாக்ஸில் பொதுவாக பம்ப் கிடையாது. சுற்றும் பற்கள் ஆயிலில் முங்கி எழுந்து மற்ற இடங்களுக்கு வாரி இறைக்கின்றன. அளவு மீறினால் அதையே கடைந்து நுரையாக்கிச் சூடேற்றும். நுரை பற்களைக் காப்பதில்லை. அழுத்தம் கூடி, ஆயில் நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும், சமயத்தில் கிளட்ச் தட்டு வரைக்கும் போய்விடும். குறைவாக இருந்தாலோ மேலே இருக்கும் பேரிங்குகளுக்கு இறைப்பு எட்டாது; ஊளைச் சத்தம் கேட்கும்.

மூடும் முன் விரலில் வந்ததைத் தேய்த்துப் பார். ஆயில் கறுத்திருந்தால் பழசு, அவ்வளவுதான். வெயிலில் பித்தளைத் துகள் மின்னினால், கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் தேய்கிறது. பால் கலந்த டீபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதே, அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் கியர் பாக்ஸின் மூச்சுக்குழல் வழியாகத் தண்ணீர் இறங்கும். உன்னுடையது செகண்ட் ஹாண்ட் என்பதால் அதையும் கவனி. வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருக்கும், பயப்படாதே. நகத்தில் இடறும் சில்லு இருந்தால்தான் பயப்பட வேண்டும். பிளக்குக்குப் புது வாஷர் போடச் சொல். முறுக்கிப் பலம் காட்ட விடாதே, அலுமினியக் கூடு, மரை போய்விடும்.

நீ சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு அளவைவிட ரகத்தின் மேல்தான் சந்தேகம். கடையில் "நைன்டி ஆயில்" என்று கேட்டு, லாரியின் பின் ஆக்சில் கிரவுனுக்கு ஊற்றுவதையே காருக்கும் ஊற்றிவிடுகிறார்கள். கெட்டியான ஆயில் காலைக் குளிரில் சிங்க்ரோ வளையத்துக்கு வழிவிடாது, சூடேறினால் இளகும். உன் வண்டியின் குறையும் அதேதான். இன்னொன்று, டப்பாவில் ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று போட்டிருக்கும். 5 பெரிய எண், அதனால் உசத்தி என்று நினைக்காதே. பின் ஆக்சில் கிரவுனில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஓடும்; அதற்காகக் கந்தகச் சேர்மானம் கூடுதலாகப் போட்டது ஜி.எல்-5. உன் கியர் பாக்ஸில் பித்தளை வளையம் உராய்ந்து பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். அங்கே வழுக்கல் கூடினாலும் கெடுதல், அந்தச் சேர்மானம் பித்தளையை அரிக்கவும் கூடும். வண்டியோடு வரும் கையேட்டில் போட்டிருக்கும் ரகத்தையே வாங்கு. கையேடு இல்லையென்றால் மாருதி பார்ட்ஸ் கடையில் மாடலையும் வருடத்தையும் சொல்லிக் கேள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற விடாதே. பாலாற்றைக் கெடுத்தது டேனரி என்று சொல்லி நாம் கைகழுவிக்கொள்கிறோம். 1996 ஆகஸ்ட் 28ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதைப் பதிவு செய்தது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. ஒர்க் ஷாப்காரர்களை யாரும் அந்தக் கூண்டில் ஏற்றவில்லை. 2016ம் வருட விதிப்படி கழிவு ஆயிலும் அபாயக் கழிவுதான், அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். பேரலில் சேர்த்து அப்படிக் கொடுக்கும் கடையாகப் பார்த்துப் போ.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பைசா செலவில்லாத சோதனை இரண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார். அணைத்தால் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் சரியாக விடவில்லை. கேபிளைப் பார்க்கச் சொல், ஆயிலை விட்டுவிடு. அடுத்தது, ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவை. கறை சக்கரப் பக்கம் ஆக்சிலுக்கு நேரே விழுந்தால் சீல் மாற்றுவதோடு முடியும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேரே விழுந்தால் மோந்து பார். கந்தக வாடை, உன் தாத்தா வேலை பார்த்த டேனரிச் சுண்ணாம்புத் தொட்டி வாடை அடித்தால் அது கியர் ஆயில், பாக்ஸையே இறக்க வேண்டிவரும். செலவு கூடும். உன் அப்பனிடம் இப்போதைக்குச் சொல்லாதே, வண்டியே வேண்டாம் என்பான்.

கறை எங்கே விழுந்தது என்று எழுது. அதுவரைக்கும் தோழிகளோடு ஏலகிரி போகும் திட்டத்தைத் தள்ளிவை. அந்தப் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியர்தான் வேலை செய்யும்.

அன்புடன்,
பெரியப்பா