ஒரு சுவாசக் கருவியை இருவர் பகிரலாமா?

சென்ற ஞாயிறன்று நம் சங்க நூலகத்தில் ராமகிருஷ்ணபுரத்து மாமி ஒருவர் என்னிடம் கேட்டார்: "டாக்டர், 2021 ஏப்ரல்ல எங்க அண்ணாவுக்கு வென்டிலேட்டர் கிடைக்கலை. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தருக்கு ஓடிண்டிருந்தது. குழாயை ரெண்டாப் பிரிச்சு அண்ணாவுக்கும் கொடுத்திருக்கக் கூடாதா?"

முப்பது ஆண்டுகள் மயக்க மருந்து மருத்துவனாகப் பணிபுரிந்தவன் நான். இக்கேள்வி தில்லியில் பல வீடுகளில் இன்னும் இருக்கும் என்பதால், அவருக்குச் சொன்ன விடையை அன்பர்கள் அனைவருக்கும் தருகிறேன்.

குழாயைப் பிரிப்பது எளிது. காற்றைச் சமமாகப் பிரிப்பதுதான் கடினம். நம் குடியிருப்பில் ஒரே தொட்டியிலிருந்து இரண்டு வீடுகளுக்குத் தண்ணீர் போகிறது. கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மாடியில் சொட்டுகிறது அல்லவா? காற்றும் எளிதான வழியையே நாடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவருடைய நுரையீரல், ஒரு சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்கு 40 மில்லிலிட்டர் காற்றை ஏற்கிறது. நோய் முற்றி விறைத்த மற்றவருடையது 20 மில்லிலிட்டர்தான் ஏற்கிறது. இருவருக்கும் 12 சென்டிமீட்டர் அழுத்தம் கொடுத்தால் முதல்வருக்கு 480, இரண்டாமவருக்கு 240 மில்லிலிட்டர் கிடைக்கும். இரண்டாமவருக்குப் போதாதே என்று அழுத்தத்தை 20 ஆக உயர்த்தினால் அவருக்கு 400 கிடைக்கும். முதல்வருக்கோ 800 போய்விடும். அது அவருடைய நுரையீரலையே புண்ணாக்கும். கருவியின் திரையோ இருவருடைய மொத்தத்தை மட்டுமே காட்டும். யாருக்குக் குறைகிறது என்று அது சொல்லாது.

இன்னும் உண்டு. ஒருவர் தாமாக மூச்சிழுத்தால் மற்றவருடைய சுவாசம் குலையும். எனவே இருவரையும் மருந்தால் அசைவின்றி வைக்க வேண்டும். ஒருவருடைய கிருமி மற்றவரை அடையாதபடி வடிகட்டிகளும் வேண்டும்.

அப்படியானால் யாருமே முயலவில்லையா? முயன்றார்கள். 2006இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் மருத்துவர்கள் நான்கு நுரையீரல் மாதிரிகளை ஒரே கருவியில் இணைத்துக் காட்டினார்கள். 2008இல் நான்கு ஆடுகளை வைத்துச் செய்த சோதனை வெளிவந்தது. 2017 அக்டோபரில் லாஸ் வேகாஸ் துப்பாக்கிச் சூட்டின்போது, காயமடைந்தவர்களை இருவர் இருவராக இணைத்தார் ஒரு மருத்துவர். 2020 வசந்தத்தில் நியூயார்க்கில், ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, தற்காலிகமாகச் செய்தார்கள். ஆனால் 2020 மார்ச் 26 அன்று அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சில ஒன்றுகூடி, இது வேண்டாம் என்று அறிவித்தன. பிழைக்கக்கூடிய ஒருவருக்கே கருவியைக் கொடுப்பது, பகிர்ந்து பலரை இழப்பதைவிட மேல் என்பது அவர்கள் கருத்து.

உணவைப் பகிர்ந்தால் இருவருக்கும் அரை வயிறாவது நிரம்பும். மூச்சில் அந்தக் கணக்குச் செல்லாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் ஒரு வீட்டின் அண்ணாதான். அவருடைய உயிரையும் பணயம் வைத்தே குழாயைப் பிரிக்க முடியும். கருவிகள் பற்றாமல் போனது பெருங்குறைதான். ஆனால் கையருகே இருந்த எளிய வழியை யாரோ செய்யாமல் விட்டார்கள் என்பது சரியல்ல.

மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் பிழைச்சிருக்கணும்" என்றார். எனக்கும் அதுவே பிரார்த்தனை.