தீவு கடலில் இல்லை, மலையில்!

கேள்வி: கிரான் கனாரியா தீவில் வாழும் நீலப் பிஞ்ச் குருவி, அங்குள்ள பைன் காட்டை விட்டு வேறெங்கும் பிழைக்காது என்று படித்தேன். எங்கள் ஊருக்கு எதிரே வான் தீவு, காசுவார், கரியாச்சல்லி என்று தீவுகள் இருக்கின்றனவே, அவற்றுக்கென்று சொந்தப் பறவை உண்டா? கொடைக்கானல் பைன் காட்டிலாவது அப்படி ஒன்று இருக்குமா?
- வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: இரண்டு இடத்திலும் இல்லை. ஆனால் உங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிறது!

ஒரு தீவில் தனி இனம் உருவாக வயதும் வேண்டும், தனிமையும் வேண்டும். கிரான் கனாரியா ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு முன் எரிமலையால் எழுந்தது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி நிற்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளோ பவளத் திட்டுகள். கரையிலிருந்து கூப்பிடு தூரம், உயரம் சில அடிதான். அவற்றில் விலங்குச்சல்லி என்ற தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. இத்தீவுகளுக்குப் பூநாரையும் உள்ளானும் வந்து போகும்; சொந்தக்காரப் பறவை கிடையாது.

இப்போது மேற்கே பாருங்கள். அகத்தியமலையின் உச்சிச் சோலைகள் குளிர்ந்தவை. வடக்கே செங்கோட்டைக் கணவாய் தாழ்வாக, வெக்கையாகக் கிடக்கிறது. சோலையில் பிறந்த குருவிக்கு அந்தப் பள்ளம்தான் கடல், இறங்கிக் கடக்காது. இப்படி நெடுங்காலம் பிரிந்து கிடந்ததில் வேறாகிப்போனது அசம்பு சோலைக்கிளி. நீல உடல், வெள்ளை வயிறு. கணவாய்க்கு வடக்கே உள்ள பறவையும் இதுவும் ஒன்றென்றே எண்ணியிருந்தார்கள். மரபணுவைப் பார்த்து 2017-இல்தான் தனி இனமாக விவரித்தார்கள். அசம்பு சிரிப்பான் என்ற பறவையும் இதே மலையோடு சரி.

பைன் விஷயத்துக்கு வருகிறேன். கனாரியா பைன் அந்த மண்ணின் மரம். நீலப் பிஞ்ச் அதன் விதையைத் தின்னும், அதிலேயே கூடு கட்டும். 2007 ஜூலையில் அத்தீவின் இனாகுவா பைன் காடு எரிந்தபோது, சில நூறே இருந்த குருவிகளுக்குப் பேரிடி. மரமோ கருகிய தண்டிலிருந்தே மறுபடி துளிர்க்கும் ஜாதி. தென்னிந்திய மலைகளில் இயல்பாக வளரும் பைன் கிடையாது. கொடைக்கானலில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பைன், மேட்டுப் புல்வெளியில் மனிதர் நட்டது. அங்கே பைனும் சீகையும் பரவப் பரவ, புல்லை நம்பி வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவைக்கு இடம் சுருங்கியது. மரம் நட்டாலே காடு என்று நம் ஆட்கள் இன்னும் நம்புகிறார்கள், என்ன செய்ய!

சோலைக்கிளியைப் பார்க்க ஆசையா? மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சி, கோதையாறு பக்கம் சோலைகள் உண்டு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி முக்கியம். தரையை ஒட்டிய புதருக்குள் தேடுங்கள். செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்க மட்டும் வேண்டாம். இன்னொன்று: உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தாமிரபரணியும் அந்த மலைச் சோலைகளில் ஊறி வருவதுதான்.