நூற்றில் ஒன்று

போன தடவை நான் கோலத்தைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை பிறவி இதயக் கோளாறு. ஏனென்றால் எங்கள் சித்தி பாப்பாவுக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறது.

பாப்பா நாலு வாய் பால் குடிக்கும், நிறுத்தும், மூச்சு வாங்கும். நெற்றியெல்லாம் வேர்த்துவிடும். எடையும் ஏறவில்லை. மதுரை வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காதுன்னு நாங்க விட்டுட்டோம். பதினாலாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது நர்சம்மா சந்தேகப்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே எக்கோ எடுத்துச் சொன்னார்கள்.

உடனே சித்தியோட மாமியார், "கிரகணத்தன்னிக்கு வெளிய வராதேன்னு சொன்னேன், கேட்டியா?"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. சித்தி அன்று சாப்பிடவே இல்லை. அதனால்தான் அறிவியல் டீச்சரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

பிறக்கும் 1000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். அதாவது கிட்டத்தட்ட நூற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் 2023-ல் பிறந்தவர்கள் சுமார் 9 லட்சம். 1000-க்கு 8 என்று வைத்தாலே 7,200 வருகிறது. இந்தியா முழுவதும் வருடத்துக்கு 2 லட்சத்துக்கு மேல். நான் இதை ரொம்ப அபூர்வம் என்று நினைத்திருந்தேன்.

இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறதல்லவா, அதில் ஓட்டை விழுவதுதான் அதிகம். இடது அறையில் அழுத்தம் கூடுதல். அதனால் ரத்தம் ஓட்டை வழியாக வலது பக்கம் பாய்ந்து நுரையீரலுக்கு அளவுக்கு மேல் போகும். பாப்பாவுக்கு மூச்சு வாங்குவது இதனால்தான். சின்ன ஓட்டை பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். பாப்பாவுக்குப் பெரிய ஓட்டை.

இன்னொரு வகையில் உதடும் நகமும் நீலமாகிவிடும். அந்தக் குழந்தைகளுக்காக 1944-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் முதல் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு யோசனை சொன்ன டாக்டர் ஹெலன் டாசிக்குக் காது சரியாகக் கேட்காது. விரலை வைத்தே இதயத்துடிப்பைத் தெரிந்துகொள்வாராம். இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

காரணம் என்னவென்று பல குழந்தைகளுக்குச் சொல்லவே முடியாது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அம்மாவுக்கு ரூபெல்லா வந்தால் வரலாம். 2017 பிப்ரவரியில் பள்ளிப் பள்ளியாக ஊசி போட்டார்களே, அது தட்டம்மைக்கும் இந்த ரூபெல்லாவுக்கும்தான். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தாலும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். (நம்ம ஊரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.)

முக்கியமானது இதுதான். வயிற்றில் குழந்தையின் இதயம் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடும். கிரகணம் வந்தது சித்திக்கு ஏழாம் மாசம். இதயம் உருவாகி அப்போது நாலு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது!

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எட்டு வாரக் கணக்கை நோட்டில் எழுதி சித்தியோட மாமியாரிடம் படித்துக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை. ஆனால் இப்போது பாப்பா பால் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேர்வையைத் துடைக்கிறது அவங்கதான்.