கேமரா பை வாங்கப் போகிறீர்களா?

காலையில் மனோரா கடற்கரை, மறுநாள் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, மாலையில் கல்யாண மண்டபம் என்று அலையும் பட்டுக்கோட்டைப் படப்பிடிப்பாளர்களுக்கு ஒரே பை போதும். பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

• கேமரா, லென்ஸ்களைக் கடைக்கே எடுத்துச் சென்று வைத்துப் பாருங்கள். இன்னொரு லென்ஸுக்கு இடம் மிஞ்சினால் போதும். பெரிய பை, பெரிய சுமை.

• தடுப்புகள் வெல்க்ரோவில் இடம் மாற்றக்கூடியவையாக இருக்கட்டும். உள்பெட்டியைக் கழற்ற முடிந்தால், அதே பை ஊர்ப் பயணத்துக்கும் உதவும்.

• பைக்கில் போகிறவர்களுக்கு மார்புப் பட்டை உள்ள முதுகுப்பை நல்லது. முதுகுப் பக்கம் திறப்பு இருந்தால் பேருந்து நெரிசலில் திருட்டுப் பயம் குறைவு. மண்டபத்தில் அடிக்கடி லென்ஸ் மாற்றுகிறவர்களுக்கு ஒருதோள் பையே வசதி.

• அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ பை தூறலைத்தான் தாங்கும். அடைமழைக்குத் தனி மழையுறை வேண்டும்.

• உப்புக்காற்றில் இரும்பு ஜிப் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் ஜிப் பார்த்து வாங்குங்கள். கடற்கரைக்குப் போய் வந்ததும் காலிப் பையை உதறி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

• உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஈரம் ஏறியதும் மாற்றிவிடுங்கள்.

பை பயணத்துக்கு மட்டுமே. மாதக்கணக்கில் அதற்குள்ளேயே மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவே பாதுகாப்பு.