ஒயில் எங்கிருந்து வருகிறது? பழைய டீசல் காருக்கு வீட்டு வைத்தியம்

கண்டி மலைப்பக்கத்து அம்பிட்டியவில் காரைச் சமதரையில் நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய காரியம். சரிவில் நிற்கும் காரில் எங்கோ மேலே கசிகிற ஒயில், எஞ்சின் உடம்பில் ஊர்ந்து தாழ்வான மூலைக்குப் போய் அங்கேதான் சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்து, சம்ப் பெக்கிங் போய்விட்டதென்று முடிவுகட்டிச் சிலிக்கன் பூசினால், ஒரு வாரத்தில் அதற்கு மேலாலேயே ஒயில் வடியும். ஆகவே சிலிக்கன் டியூப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டொயோட்டா 2சி எஞ்சின் பூட்டிய பழைய கொரோலாவை மனதில் வைத்துச் சொல்கிறேன். மற்ற எஞ்சின்களிலும் தேடுகிற முறை இதுதான்.

இரவில் காருக்கடியில் ஒரு காட்போட் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் விழுந்திருப்பது கறுத்து வழுவழுப்பாக இருந்தால் எஞ்சின் ஒயில். சிவப்பென்றால் பவர் ஸ்டியரிங் அல்லது ஓட்டோ கியர். தண்ணீர்போல மெல்லியதாக, டீசல் மணத்தோடு இருந்தால் டீசல் பம்பையும் இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாய்களையும் முதலில் பாருங்கள்; டீசல் பட்ட ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

அடுத்தது கழுவுதல். எஞ்சின் ஆறிய பிறகு, ஒல்டனேற்றரையும் ஸ்டாட்டரையும் பொலித்தீனால் மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு அழுக்கைத் தேய்த்து எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பிறகு கண்டி டவுனுக்கு இறங்கி, அம்பிட்டிய குருமடம் வரைக்கும் ஒருமுறை ஏறி வாருங்கள். இந்த ஏற்றத்தில் எஞ்சின் சூடேறி, ஒளிந்திருக்கும் கசிவும் வெளியே வந்துவிடும். திரும்பி வந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்திருக்கும் இடங்களில் எது ஆக உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் ஊற்று.

எதையும் கழற்றுமுன் ஒயில் ஊற்றும் மூடியை, எஞ்சின் ஓடும்போதே திறந்து அதன் மேலேயே வைத்துப் பாருங்கள். இலேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. புகை குபுகுபுவென்று வந்து மூடி துள்ளினால், பிறீதர் குழாய் அடைபட்டிருக்கலாம். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். கழுவியும் துள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது எத்தனை புதுச் சீல் போட்டாலும் உள்ளழுத்தம் ஒயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பெரும்பாலும் ஊற்று டப்பட் கவர்தான். அதன் ரப்பர் பெக்கிங் பழசானால் கல்லாக இறுகிவிடும். கவரைக் கழற்றி இரண்டு முகங்களையும் துணியால் துடையுங்கள். அலுமினியத்தை ஸ்குரூட்ரைவரால் சுரண்ட வேண்டாம். நட்டுகளுக்குக் கீழுள்ள ரப்பர்களையும் சேர்த்து மாற்றுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றில், சின்ன ஸ்பெனரால் மெதுவாக இறுக்குங்கள். பலம் காட்டினால் கவர் வளைந்து கசிவு கூடும். பெக்கிங் கண்டியில் கிடைக்காவிட்டால், பழையதையும் எஞ்சின் நம்பரையும் எடுத்துக்கொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகலாம்.

மலைப்பக்கத்தில் ஓடுகிறவர்கள் அலட்சியம் செய்யக்கூடாத இடம் ஒன்று உண்டு: ஒல்டனேற்றரின் பின்னால் பூட்டியிருக்கும் வக்கியூம் பம்ப். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்குவது இதுதான். எஞ்சினிலிருந்து மெல்லிய குழாயில் ஒயில் அழுத்தத்தோடு வந்து, தடித்த குழாயில் சம்புக்குத் திரும்பும். மெல்லிய குழாய் வெடித்தால் ஒயில் முழுவதும் சில நிமிடங்களில் தெருவில் கொட்டிவிடும். பம்பும் செயலிழந்தால் இறக்கத்தில் பிரேக் மிதி கல்லாகும். குழாயில் வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ஒயிலுக்கென்று விற்கும் குழாயே வேண்டும். ஹீட்டர் குழாய் கொஞ்ச நாளில் இளகிப்போகும். இணைப்புகளில் புதுச் செப்பு வொஷர் போடுங்கள். ஒல்டனேற்றருக்குள்ளேயே ஒயில் போயிருந்தால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது. அதை வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒயில் பில்டரும் ட்ரெயின் போல்ட்டும் சுலபம்: பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புது பில்டரைக் கையால் இறுக்குங்கள், போல்ட்டுக்குப் புது வொஷர் போடுங்கள். அடியில் படுக்கும்போது ஜெக்கை மட்டும் நம்பாதீர்கள். சமதரை, ஸ்டாண்ட், டயருக்குக் கட்டை மூன்றும் வேண்டும். கழிவு ஒயிலைக் கானில் ஊற்றாமல் கேனில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள். இங்கே ஊற்றுவதெல்லாம் மகாவலிக்குத்தான் போகும்.

டைமிங் கவரின் அடியில் ஒயில் தெரிந்தால் வீட்டு வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கேம் சீல் அல்லது கிராங் சீல் போயிருக்கும். ஒயில் குடித்த டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். கராஜ் பாஸிடம் கொடுத்து, சீலோடு பெல்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். கியர்பொக்ஸ் பக்கத்துப் பின் சீலுக்குக் கியர்பொக்ஸையே இறக்க வேண்டும். கிளட்ச் வழுக்காமல், இரவில் நாலைந்து சொட்டு மட்டும் விழுந்தால், அடியில் ஒரு தட்டை வைத்து, வாராவாரம் சமதரையில் டிப் ஸ்டிக் பார்த்து ஒயில் நிரப்பிக்கொண்டு, கிளட்ச் மாற்றும் நாள் வரை ஓட்டலாம்.