நாடாமல் வந்த ஏகாந்தம்

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. களியக்காவிளையில் மாநில எல்லையும் அடைபட்டது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில் பிறந்தகம் ஒரு மாநிலத்திலும் புக்ககம் மறு மாநிலத்திலுமாக வாழ்பவர் பலர். முதியோர் பலர் பேச்சுத்துணையின்றித் தனித்திருந்தனர்.

தனித்த இடத்தை நாடுதலை ஞானசாதனங்களுள் ஒன்றாகக் கீதையின் 13-ஆம் அத்தியாயம் கூறுகிறது. அது நாடிச் சென்று பெறும் தனிமை. நாடாமலே வந்ததைச் சாதகன் எவ்வாறு ஏற்பது?

விடைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஸ்ரீ நாராயண குரு குமரி மாவட்டத்து மருந்துவாழ்மலைக் குகையிலும், பின்னர் நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்திலும் தவமியற்றினார். அவர் இருப்பிடம் அறிந்து மக்கள் வரலாயினர். ஏகாந்தம் கலைந்ததென அவர் வருந்தி ஒதுங்கவில்லை. 1888 சிவராத்திரியன்று நெய்யாற்றில் எடுத்த கல்லையே சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார்.

வந்தவர்களோ சாதியின் பெயரால் ஆலயங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அதுவும் திணிக்கப்பட்ட தனிமைதான். இவ்வுண்மையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அதைத் தவமாகக் கருதிப் பொறுத்திருங்கள் என்று குருதேவர் அவர்களுக்கு உபதேசிக்கவில்லை. தம் தனிமையைத் தவமாக்கினார். பிறர் தனிமையையோ நீக்க முற்பட்டார்.

வீட்டில் அடைபட நேர்ந்தவர் விடியலில் அரைமணி நேரம், செய்திகளும் தொலைபேசியும் குறுக்கிடுமுன், ஜபத்தில் அமரலாம். முதல் சில நாட்கள் மனம் வாசலையே நோக்கும், நோக்கட்டும். எழுந்ததும் முதல் வேலையாக, எல்லைக்கு அப்பால் தனித்திருக்கும் முதியவரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.